வலது விளக்கு

கை உள்ளே போய்விட்டது. இனி அது அங்கே என்ன செய்கிறது என்பது பூபாலனுக்கே தெரியாது. காரின் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, வலது ஹெட்லைட்டின் முதுகுக்கும் பேட்டரிக்கும் நடுவே இருக்கிற நாலு விரல் இடுக்கில் மணிக்கட்டைத் தாண்டி நுழைத்தாயிற்று; கண்ணின் அதிகாரம் அதோடு முடிந்தது. தலையைச் சாய்த்து எட்டிப் பார்த்தால் தன் முழங்கைதான் தெரிகிறது. ஐம்பத்தொரு வயது மனிதர், அரசு மேல்நிலைப் பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர், எந்த ஆறு எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார், ஒரு சாண் இடத்துக்குள் ஒரு கம்பி கிளிப் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியவில்லை. மணி மூன்றே முக்கால். ஐந்தரைக்கு விராலிமலைக்குக் கிளம்ப வேண்டும். வனஜாவின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். திரும்பும்போது இருட்டிவிடும், ஐப்பசி மழை வேறு எப்போது வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளும், வலது விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை வனஜா காலையிலேயே, அவர் தலையில் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே, சொல்லிவிட்டாள். "நாலரைக்கு நெல்சன் அண்ணன் டூட்டி முடிஞ்சு வந்துருவாரு. உங்களால முடியலன்னா சொல்லிருங்க, அவர் அஞ்சு நிமிஷத்துல மாட்டிக் குடுத்துருவாரு." உச்சந்தலையில் அவள் விரல்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. கண்ணை மூடிச் சுகமாக உட்கார்ந்திருந்தவருக்கு அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் சீயக்காய்த் தூள் மாதிரி கண்ணில் விழுந்தது. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் அவர் கல்யாணம் ஆன நாளிலிருந்து விடாதது. பல்பு மாற்றுகிற வேலையைச் சனிக்கிழமைக்கு ஒதுக்கிவைப்பதும் அதனால்தான். கிண்ணத்தின் அடியில் மிஞ்சுகிற நல்லெண்ணெயைக் கீழே கொண்டுவந்து விரல் நுனியிலிருந்து முழங்கை வரை தடவிக்கொண்டால் கை வழுக்கிக்கொண்டு இடுக்கில் போகும், தோல் உரசாது. இது அவரே கண்டுபிடித்த வழி, யாரிடமும் சொன்னதில்லை, சொல்லிக்கொடுக்கவும் மாட்டார். பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டால் இவ்வளவு பாடே இல்லை. அதற்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் நெல்சன் வீட்டில் இருக்கிறது.

நெல்சன் இரண்டாவது மாடி. ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் டெக்னீஷியன். மனைவி, பிள்ளைகள், காலையில் ஜெபம், சாயங்காலம் நடை, ஒரு குறை சொல்ல முடியாத மனிதர், அதுதான் பூபாலனுக்கு முதல் குறை. குறையே இல்லாத ஒருவனை எங்கே பிடித்துத் திட்டுவது. கருமண்டபம் பகுதியில் இருக்கிற இந்த எட்டு வீட்டு அப்பார்ட்மெண்டில் எல்லோருக்கும் அவர் கைராசிக்காரர். தண்ணி மோட்டார் புதிதாக மாட்டினால் நெல்சன் சார் வந்துதான் சுவிட்சைப் போட வேண்டும். மூன்றாம் மாடிப் பெண்ணின் பரீட்சை விண்ணப்பத்தை அவர்தான் தபால் பெட்டியில் போட்டார், அவள் பாஸ் ஆகிவிட்டாள், படித்தது என்னவோ அவள்தான். பூபாலன் பால்கனித் தொட்டியில் மூன்று முறை கறிவேப்பிலை நட்டார், மூன்றும் பட்டுப்போயின. அதே தொட்டி, அதே மண், நெல்சன் ஒரு கன்றைக் கொண்டுவந்து சும்மா ஊன்றிவிட்டுப் போனார், இப்போது அது கிரில்லைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. வனஜா தினமும் அதில்தான் ரசத்துக்குக் கிள்ளுகிறாள். பூபாலன் அந்த இலையைத் தட்டோரத்தில் ஒதுக்கிவைக்கிறார். எல்லோரும் ஒதுக்குவதுதான், ஆனால் அவர் ஒதுக்குவது வேறு ஒதுக்கல். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போன வருஷம் வனஜாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க நெல்சனின் பரிசோதனை நிலையத்துக்குப் போனபோது அங்கிருந்த ஒரு பெண் மூன்று இடத்தில் குத்தியும் ரத்தம் வரவில்லை, நரம்பு கிடைக்கவில்லை, அப்புறம் நெல்சன் வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து வனஜா சொன்னாள்: "ரெண்டு விரல வெச்சுத் தடவிப் பாத்தாருங்க. கண்ண மூடிக்கிட்டு. ஒரே குத்துதான். குத்துனதே தெரியல." தடவிப் பார்த்தார். அதைச் சொல்லும்போது தன் வலது முழங்கையின் உட்பக்கத்தை அவளே இரண்டு விரலால் தடவிக் காட்டினாள். சர்க்கரை இல்லை என்று வந்தது, அதற்குச் சந்தோஷப்பட வேண்டிய மனுஷன் சாயங்காலம் பூராவும் அந்த இரண்டு விரலையே நினைத்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கையைப் பிடிக்கிறோம், அந்த இடத்தில் ஒரு நரம்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியாமல் போய்விட்டதே. கண்ணை மூடிக்கொண்டு வேறு. எதற்குக் கண்ணை மூட வேண்டும். அவள் அண்ணன் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறாள், கீரைக்காரரையும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள், கீரைக்காரர்மேல் பூபாலனுக்கு ஒன்றும் இல்லை.

விரலுக்கு ரப்பர் மூடி தட்டுப்பட்டது. அதன் காதைப் பிடித்து இழுத்தார், வந்துவிட்டது. அடுத்தது கம்பி கிளிப். அதை உள்ளே அழுத்தி ஒரு பக்கமாகத் தள்ளினால்தான் பல்பை விடும். அழுத்தினார், வழுக்கியது. மறுபடி அழுத்தினார், நகக்கண்ணில் ஏறியது. உள்ளே என்ன செய்தாய் என்று கையை வெளியே எடுத்துக் கேட்க முடியாது, எடுத்தால் மறுபடி முதலிலிருந்து. நெல்சனாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலால் தடவுவார். பூபாலனும் கண்ணை மூடிப் பார்த்தார். மூடினால் கிளிப் தெரியவில்லை, வனஜாவின் முழங்கைதான் தெரிந்தது. சட்டென்று திறந்துகொண்டார். இந்த வலது பல்பு மாற்றுவது இது நாலாவது தடவை. ஒவ்வொன்றும் மூன்று மாதம், மிஞ்சிப்போனால் நாலு மாதம், அதற்குள் கண்ணை மூடிவிடுகிறது. இடது பல்பு நெல்சன் மாட்டியது. இரண்டரை வருஷம் ஆகிறது, இன்னும் எரிகிறது. விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவர் பத்து நாள் தஞ்சாவூர் போயிருந்த சித்திரையில், இடது விளக்கு எரியவில்லை என்று வனஜா சொல்ல, நெல்சன் இறங்கி வந்து மாட்டிக்கொடுத்திருக்கிறார். பத்து நாள் கழித்து வந்தவரிடம் வனஜா சொன்னது சௌக்கியமா இல்லை, சாப்பிட்டீங்களா இல்லை, "லெப்ட் லைட்டு சரியாயிருச்சுங்க." அன்றைக்கே அந்த விளக்கு அணைந்துபோக வேண்டும் என்று அவர் மனசார வேண்டிக்கொண்டார், இதைச் சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். தன் காரின் விளக்கு கெட்டுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்ட முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். ஒவ்வொரு முறை ஹெட்லைட்டைப் போடும்போதும் வண்டி நிறுத்துகிற இடத்துச் சுவரில் இடது வட்டம் பளிச்சென்று வந்து நிற்கும், வலது வட்டம் வரும், வராது. போன வாரம் மணப்பாறை ரோட்டில் எதிரே வந்த லாரிக்காரன் ஒற்றை விளக்கைப் பார்த்து இது பைக் என்று நினைத்து நேராக வந்தான். பூபாலன் ஓரமாக ஒடித்து, புளியமரத்தை உரசாமல் நிறுத்தினார். பக்கத்தில் வனஜா. அவள் தன் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் இருட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "ரெண்டு பக்கமும் அவரையே மாட்டச் சொல்லியிருக்கலாம்." சாவு பக்கத்தில் வந்து போன நேரத்தில்கூட அந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறாரா. நாம் செத்திருந்தால் அந்த நேரத்திலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேதான் போயிருப்பாளா. சின்ன வயதில் சித்தி ஒருத்தி விதை தூவும்போது இவன் கை வேண்டாம், தம்பியைக் கூப்பிடு என்பாள். அது விளையாட்டு என்று இத்தனை நாள் நினைத்திருந்தார். நாலாவது பல்பு அது விளையாட்டில்லை என்கிறது.

கிளிப் ஒரு வழியாக விட்டது. பழைய பல்பு வந்துவிட்டது. ஆனால் புதியதை உள்ளே வைத்தால் கிளிப் மாட்டவில்லை. எந்தப் பள்ளத்தில் எந்தக் காது உட்கார வேண்டும் என்பதே பிடிபடவில்லை. மணி நாலடித்து ஐந்து நிமிஷம். சரி, இடது பக்கத்தைத் திறந்து பார்ப்போம், இரண்டு பக்கமும் ஒரே அமைப்புதானே, அங்கே பேட்டரி கிடையாது, கொஞ்சம் கண்ணுக்கும் தெரியும். நெல்சனின் வேலையைப் பார்த்துக் காப்பியடிப்பது மாதிரி இருந்தது. பரீட்சை ஹாலில் எத்தனை பேரைப் பிடித்தவர். யாரும் பார்க்கிறார்களா என்று மாடிப்படியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தார். கண்ணாடி துடைக்கிற தண்ணீர் டப்பாவுக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவே கையை விட்டபோது துணி ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, புழுதி அப்பிக் கறுத்திருந்தது. உதறினார். ஓரத்தில் கரை. மயில்கண் கரை. மச்சினன் கல்யாணத்துக்கு எடுத்துக்கொடுத்த வேட்டி. அதைக் காணவில்லை என்று அவர் ஒரு மாதம் தேடியிருக்கிறார், பீரோவைக் கவிழ்த்திருக்கிறார், அயர்ன்காரரோடு சண்டைபோட்டுப் பேச்சு வார்த்தையே நின்றுபோனது. "அயர்ன் கடையிலதாங்க எங்கயோ போயிருக்கும்" என்று வனஜா சொன்னாள், முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அது இங்கே இருக்கிறது. நெல்சன் மாட்டிய விளக்கின் பின்னால் இருக்கிறது. தான் தஞ்சாவூரில் இமயமலையைக் கங்கையில் கரைத்து எழுதியிருந்த விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், இவள் பீரோவைத் திறந்து, இருக்கிறதிலேயே நல்ல வேட்டியை எடுத்து, கிழித்து, அந்த ஆளின் கையில் கொடுத்திருக்கிறாள். கிழிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டது. இங்கே நின்றுதான் கிழித்திருப்பாள். இந்தாங்கண்ணே என்றிருப்பாள். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொள்ள என் வேட்டியா. அடுப்படியில் பழைய துணியே இல்லையா, பனியன் இல்லையா, எத்தனை ஓட்டைப் பனியன் கிடக்கிறது. அப்புறம் அந்தப் பொய். பெரிய விஷயத்துக்குப் பொய் சொன்னால் புரிந்துகொள்ளலாம், ஒரு வேட்டித் துண்டுக்குப் பொய் சொல்ல வேண்டுமென்றால் அந்தத் துண்டில் என்னவோ இருக்கிறது. இல்லை, ஒன்றும் இருக்காது. இருக்கும். இல்லாவிட்டால் ஏன் மறைத்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் சொன்ன மற்றதெல்லாம் எப்படி. துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் பம்பரின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

செருப்புச் சத்தம் கேட்டது. வனஜா காபி டம்ளரோடு படியிறங்கி வந்தாள், பாதி உடுத்தின பட்டுப்புடவை, தலையில் இன்னும் பூ வைக்கவில்லை. "இன்னும் ஆகலியா? மணி நாலேகால் ஆச்சு. அவருக்குப் போன் பண்ணிரட்டுமா?"

பூபாலன் துணியை நீட்டினார். அவள் அதை வாங்கிப் பார்த்தாள். முகம் சிவக்கும் என்று நினைத்தார், சிரிப்புதான் வந்தது அவளுக்கு.

"இது இங்கயா இருந்துச்சு?"

"அயர்ன் கடையில போச்சுன்ன."

"பின்ன என்னங்க சொல்றது? பின்பக்கம் ஒரு சாணுக்குக் கிழிஞ்சிருந்துச்சு. அதயே கட்டிக்கிட்டு தெனமும் பால்கனியில போய் நிக்கிறீங்க. எதிர்வீட்டுப் புள்ளைங்க சிரிக்குதுங்க. வேணாங்கன்னா, நல்ல வேட்டி நல்ல வேட்டின்னுட்டு. அதான் நீங்க ஊருக்குப் போனப்ப கிழிச்சுப் போட்டேன்."

"கிழிச்சு அவருக்குக் குடுத்த."

"அன்னைக்குச் சுத்தமான துணி இருந்தாக் குடுங்கம்மான்னு கேட்டாரு. கை தொடைக்கத்தான் கேக்குறாருன்னு நெனச்சேன். கையில இருந்துச்சு, குடுத்தேன்." அவள் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னங்க உங்களுக்கு? ஒரு வேட்டித் துணிக்கா இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கீங்க?"

வேட்டிக்கில்லை என்று சொல்லலாம். பின்னே எதற்கு என்பாள். அந்த இரண்டு விரலுக்கு என்று எப்படிச் சொல்வது. பேத்தி எடுக்கிற வயதில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னால் அவள் தங்கை வீட்டு நிச்சயதார்த்தத்திலேயே சொல்லிச் சிரிப்பாள், சிரிக்காவிட்டால் அது இன்னும் மோசம். பின்பக்கம் கிழிந்த வேட்டியோடு அத்தனை நாள் பால்கனியில் நின்றிருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது. அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்துவிட்டாள், கட்டைவிரல் எண்ணைத் தேடுகிறது.

"பண்ணாத" என்றார். குரல் அவருக்கே உரக்கக் கேட்டது. "நீ கைய விட்டுப் பாரு. உன் கை சின்னக் கை, எளிசாப் போகும்."

"நானா?"

"நீதான். வளையலைக் கழட்டு. இந்தா, இந்த எண்ணெயக் கொஞ்சம் தடவிக்க, ஒரசாது."

அவள் சிரித்துக்கொண்டே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, வளையல்களைக் கழற்றி அவர் சட்டைப் பையில் போட்டாள். கிண்ணத்தில் இருந்த எண்ணெயை விரல்களில் தடவிக்கொண்டாள், புதுப் பல்பைக் கண்ணாடிப் பக்கமாகப் பொத்திப் பிடித்தாள், இடுக்கில் கையை விட்டாள். அவர் இடது பக்க மூடியை விலக்கிப் பார்த்துச் சொன்னார், பெரிய காது மேலே, சின்னது ரெண்டும் கீழே. அவள் தலையைச் சாய்த்து, உதட்டைக் கடித்து, கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணை மூடினாள் என்பதைப் பூபாலன் பார்த்தார். அப்படியானால் எல்லோரும்தான் மூடுவார்களா. காணாத இடத்தில் கை வேலைசெய்தால் கண் தானாக மூடிக்கொள்ளும் போலிருக்கிறது, அதில் வேறொன்றும் இல்லை போலிருக்கிறது. இந்த ஒன்று தெரியாமல் ஒரு வருஷம் வயிறெரிந்திருக்கிறோம். க்ளக் என்று ஒரு சத்தம். "மாட்டிக்கிச்சு" என்றாள். அவர் ஓடிப்போய் சுவிட்சைத் திருகினார். எதிர்ச் சுவரில் இரண்டு வட்டம் வந்து நின்றது, இரண்டும் ஒரே வெளிச்சம்.

"பாத்தீங்களா என் கைராசிய" என்றாள் வனஜா. "உன் கைதான்" என்றார் அவர், உண்மையாகவே சொன்னார். நெல்சன் கை இல்லை, இவள் கை, நம்ம வீட்டுக் கை. ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். அவள் ரப்பர் மூடியை உள்ளே அழுத்திக்கொண்டிருக்க, அவர் சும்மா இருக்க முடியாமல் பழைய பல்பைக் கையில் எடுத்து உருட்டினார். கண்ணாடி ஓரிடத்தில் கொப்புளம் மாதிரி உப்பி, பால் படிந்தாற்போல வெளுத்திருந்தது. அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். சரியாகப் பொருந்தியது. எதிர்ப்பக்கம் ஆள்காட்டி விரல் தானாகப் போய் விழுந்த இடத்தில் இன்னொரு வெளுப்பு. புதுப் பல்பின் அட்டைப் பெட்டி பம்பர்மேல் கிடந்தது. அதன் பின்பக்கம் ஒரு படம், ஒரு பல்பு, அதைத் தொடுகிற விரல், மேலே பெருக்கல் குறி. நாலு பெட்டியிலும் இருந்த படம்தான். எரியும்போது தொட்டால் சுடும் என்று சொல்கிறான் என்று நினைத்து முந்தைய மூன்றையும் தூக்கிப் போட்டிருக்கிறார். கையில் பல்பு, பெட்டியில் படம், பானெட் ஓரத்தில் எண்ணெய்க் கிண்ணம், அவள் தோளில் கிடக்கிற வேட்டித் துண்டு. துணி எதற்கு என்று இப்போது தெரிந்தது. கைராசியும் இல்லை ஒன்றும் இல்லை, என் வேட்டியால் பிடித்து மாட்டியிருக்கிறான் மனுஷன், நான் சனிக்கிழமை சனிக்கிழமையாக நல்லெண்ணெய் பூசி மாட்டியிருக்கிறேன். ஒரு நிமிஷம் பெரிய ஜெயம் மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷமே அது வடிந்துவிட்டது. சொன்னால் என்ன சொல்வாள். அப்ப அவரு வெவரம் தெரிஞ்சவரு என்பாள். கைராசியையாவது அதிர்ஷ்டம் என்று ஒதுக்கலாம், வெவரத்தை எங்கே ஒதுக்குவது. அந்த லாரி அன்றைக்கு நேராக வந்ததும் இந்த எண்ணெயால்தான் என்று ஆகிவிடும். இப்போது உள்ளே எரிகிற பல்பிலும் அதே எண்ணெய், அவர் சொல்லி அவள் தடவிக்கொண்ட எண்ணெய். பூபாலன் வாயை மூடிக்கொண்டார்.

கேட் திறந்தது. ஸ்கூட்டர் உள்ளே வந்து நின்றது. நெல்சன் ஹெல்மெட்டைக் கழற்றி, சுவரில் இருந்த இரண்டு வட்டத்தையும் பார்த்தார். "என்ன சார், ரைட் சைடா? பேட்டரி இடிக்குமே அங்க. எப்படி மாட்டினீங்க?"

"நாங்களே மாட்டிட்டோம்ண்ணே" என்றாள் வனஜா.

"நல்லது. கண்ணாடில வெரல் படாமப் பாத்தீங்கல்லம்மா? கொஞ்சம் எண்ணெய்ப் பசை பட்டாலும் அந்த எடத்துல சூடு ஏறி மூணு மாசத்துல போயிரும். அதான் அன்னைக்கு உங்ககிட்ட துணி கேட்டு வாங்கினேன்."

வனஜாவின் கண் நெல்சனிடமிருந்து கிண்ணத்துக்குப் போனது. கிண்ணத்திலிருந்து தன் விரல்களுக்கு. விரல்களிலிருந்து பூபாலனின் முகத்துக்கு வந்து நின்றது. இரண்டு வினாடிதான் இருக்கும். அதற்குள் நாலு பல்பும் நாலு சனிக்கிழமையும் அந்த லாரியும் அவள் கண்ணில் வரிசையாகப் போவதை அவர் பார்த்தார். பூபாலன் தரையைப் பார்த்தார். இதோ சிரிக்கப்போகிறாள், ஐயோ அண்ணே இவரு ஒவ்வொரு தடவையும் எண்ணெயைப் பூசிக்கிட்டு என்று ஆரம்பிக்கப்போகிறாள், அதோடு இந்த அப்பார்ட்மெண்டில் தலைகாட்ட முடியாது, அதைவிட இந்த மனுஷன் எதிரே.

"படலண்ணே" என்றாள் வனஜா. "துணி வெச்சுத்தான் புடிச்சோம். இவருதான் சொன்னாரு." தோளில் கிடந்த மயில்கண் துண்டை எடுத்து விரித்துக்கூடக் காட்டினாள்.

"அப்ப ரெண்டு வருஷத்துக்குக் கவலையில்ல" என்று சொல்லிவிட்டு நெல்சன் படியேறிப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் இரண்டாவது மாடிக்குப் போய்க் கதவு சாத்துகிற வரை இருவரும் அசையவில்லை. வேட்டி விஷயத்தில் இவள் சொன்ன பொய்யை அரைமணி நேரமாக நெஞ்சில் வைத்து அரைத்துக்கொண்டிருந்தவர்தான், இந்தப் பொய் காதில் விழுந்ததும் அந்தப் பழையது எங்கே போனதென்றே தெரியவில்லை. எவ்வளவு சரளமாகச் சொன்னாள், கண்கூட இமைக்கவில்லை. அவனிடம் சொன்னாள். நமக்காக அவனிடம் சொன்னாள். வனஜா அந்தத் துண்டில் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள், மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள், பிறகு அவர் சட்டைப் பையில் கையை விட்டு வளையல்களை எடுத்துக்கொண்டு துண்டை அங்கே திணித்தாள்.

"மூணு மாசமா?"

"அப்படித்தான் போல" என்றார்.

"தை பொறந்ததும் போகும். பரவால்ல, நானே மாட்டறேன். அந்தத் துணியத் தொலைச்சிராதீங்க." கிண்ணத்தையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு படியேறினாள். பாதிப் படியில் நின்று குரல் கொடுத்தாள்: "கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. லைட்ட அணைங்க, பேட்டரி எறங்கிரும்."

"அணைச்சுர்றேன்" என்றார் பூபாலன். சுவரில் இருந்த வலது வட்டத்தைப் பார்த்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நின்றார்.